மருந்து சாப்பிடுவதும் மருந்தைக் குடிப்பதும்

அமெரிக்காவில் எங்கள் பக்கத்துத் தமிழ் நர்ஸ்களின் வாட்ஸப் குழுவில் வாரம் தவறாமல் ஒரு கேள்வி வரும். "ஆன்ட்டி, எஃப்.என்.பி. படிக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல பண்ணலாமா? பிரிசெப்டர் ஈஸியா கிடைப்பாங்களா?" நான், "கிடைப்பாங்க, கால்ல விழுந்தா கிடைப்பாங்க" என்று எழுதிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ரிட்டயர் ஆன பிறகும் இவ்வளவு கோபம் ஆகாது என்று ஃப்ரீமான்ட்டில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கிலீஷில் சொல்கிறான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் புதிதாக ஒரு டேப்லட் வந்திருக்கிறதாம். நோயாளி தமிழில் பேசினால் இங்கிலீஷில் எழுத்தாக வந்துவிடுகிறதாம். "இனிமே மொழிபெயர்க்க ஆளே வேணாம் ஆன்ட்டி, சூப்பரா இருக்கு!" அந்த 'சூப்பரா'தான் என்னை உட்கார வைத்து இதை எழுத வைக்கிறது. தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு வார்த்தை புரண்டு, ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. நான் மாணவியாக இருந்தபோது நடந்தது அது. பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

எஃப்.என்.பி. என்றால் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். டாக்டர் இல்லை, ஆனால் நோயாளியைப் பரிசோதிக்கலாம், நோய் இன்னதென்று சொல்லலாம், மருந்து எழுதலாம். பச்சைக் குழந்தையிலிருந்து படுத்த கிழவர்வரை பார்க்கலாம். அதற்கு நர்ஸாக இருந்து, மேலே முதுகலை படிக்க வேண்டும். நான் அதில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. லட்சியம் கிட்சியம் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு காலை பார்சிப்பனியில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மகன் அடுத்த வருஷம் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போய்விட்டான். நான் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் கேட்கும். ஏதாவது ஒரு குரல் வேண்டியிருந்தது. ஆன்லைன் வகுப்பில் குரல் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன்.

முதல் ஒன்றரை வருஷத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? படித்தேன். உடலில் நோய் எப்படி வருகிறது என்று ஒரு பாடம், மருந்து எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பாடம், பரிசோதனை எப்படிச் செய்வது என்று ஒரு பாடம். நோயாளியிடம் விவரம் கேட்டுப் பழக மற்றவர்களுக்குப் புருஷனோ பொண்டாட்டியோ இருந்தார்கள். நான் சாப்பாட்டு மேசைக்கு எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "எப்போதிலிருந்து வலிக்கிறது? எந்தப் பக்கம் பரவுகிறது?" என்று இங்கிலீஷில் கேட்பேன். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பதிலும் நானே சொல்வேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பிரிசெப்டர் பிரச்சினை. கிளினிக்கில் நம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை கற்றுக்கொடுத்து, முடித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையெழுத்துப் போடுகிறவர்தான் பிரிசெப்டர். நூற்றுக்கணக்கான மணி நேரம் அப்படி முடித்தால்தான் பட்டம். ஆளைக் காலேஜ் தேடித் தராது, நாமேதான் தேட வேண்டும். நான் கிளினிக் கிளினிக்காக ஃபோன் பண்ணினேன். "ஸ்டூடண்ட் எடுப்பதில்லை" என்று வைத்துவிடுவார்கள். நாலு மாசம் அலைந்த பிறகு ரூட் 46 ரோட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் மார்லீன் என்கிற நர்ஸ் பிராக்டிஷனர் சரி என்றார். அவருக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்குப் பிடிக்கவில்லை என்றால் பாதியில் அனுப்பிவிடுவேன். வருத்தப்படக் கூடாது."

மார்லீன் அதிகம் பேச மாட்டார். கதவைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து பதில் வரும்வரை கைப்பிடியில் கை வைத்து நிற்பார். கை கழுவும்போதே நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நோயாளி சொன்னதை அவர் சொன்ன மாதிரியே மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். நம் வார்த்தை அதில் ஒன்றுகூட நுழையக் கூடாது. முதல் வாரத்தில் நான் ஒரு குறிப்பில் 'நோயாளிக்கு மிதமான களைப்பு' என்று எழுதியிருந்தேன். பேனா முனையால் அதைத் தட்டிக் காட்டி, "மிதமான? இது யார் வார்த்தை?" என்றார்.

"என்னுடையது" என்றேன்.

"அவர் என்ன சொன்னார்?"

"மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது என்றார்."

"அதை எழுது. உன் வார்த்தையை வைத்து என்ன மருந்து கொடுப்பது?"

எரிச்சலாகத்தான் இருந்தது. இருபது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு ஒன்றாம் கிளாஸ் பாடமா என்று மனசுக்குள் வைதேன். மத்தியானம் அவர்கள் எல்லோரும் உள்ளே சேர்ந்து சாப்பிடுவார்கள். நான் காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

கிளினிக்கில் இன்னொரு விதி இருந்தது. நான் தமிழ் பேசுவேன் என்பதற்காக மொழிபெயர்க்கக் கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் ஃபோன் லைனில் வருவார்கள். நல்ல விதிதான். ஆனால் தமிழ் என்று கேட்டால் பாதி நாள் லைனில் ஆள் இருக்காது. அன்றைக்கும் இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு வந்தவள் செல்வி. முப்பத்தொன்பது வயது, உடுமலைப் பக்கத்துக்காரி. புருஷனுக்கு டெக்ஸாஸில் ப்ராஜெக்ட். திங்கள் காலை விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் வருவார். கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளி அபார்ட்மெண்ட். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வந்திருந்தாள். கூட வந்தது பதினைந்து வயது மகள். இங்கேயே பிறந்த பெண். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். லைனில் ஆள் இல்லாததால் மார்லீன் அந்தப் பெண்ணை வைத்தே கேட்டிருக்கிறார். நான் அப்போது அடுத்த அறையில் காதுவலிக் குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செல்வியை நான் பார்க்கவே இல்லை. மகள் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு, மார்லீன் எழுதிய குறிப்புகளைப் படித்து என் மணி நேரக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவது என் வேலை. செல்வியின் குறிப்பைத் திறந்தேன். மகள் சொன்னது, மேற்கோள் குறிக்குள், அப்படியே இருந்தது: 'சில நாள் பேசாமல் அந்த மருந்தைக் குடித்துவிடலாம் என்று தோன்றுகிறது என்று அம்மா சொல்கிறார்.' அதற்குக் கீழே மார்லீனின் முடிவு: மனச்சோர்வு, மருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம், மாத்திரையைவிடத் திரவ மருந்தை விரும்புகிறார். அதற்குத் தகுந்தாற்போல் சிரப்பாக எழுதி மருந்துக் கடைக்கு அனுப்பியிருந்தார். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த வயசில் யாராவது சிரப் கேட்பார்களா என்று நினைத்தேன். திரும்ப ஒரு தடவை படித்தேன். அந்த இங்கிலீஷ் வாக்கியம் என் காதில் தமிழில் விழுந்தது. மருந்தைக் குடிச்சரலாம்னு இருக்குது.

எனக்கு ஊர் தாராபுரம். எங்கள் பக்கத்தில் மருந்து சாப்பிட்டேன் என்றால் காய்ச்சலுக்குச் சாப்பிட்டது. மருந்தைக் குடித்துவிட்டாள் என்றால் வீட்டு முன்னால் சாமியானா போட்டுவிடுவார்கள். தமிழ் பேசுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அவள் கேட்டதை, ஒரு எழுத்து மாற்றாமல், இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். மார்லீன் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறார். பாவி, இரண்டு பேரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்!

ஒருவேளை நான் அதிகமாக நினைக்கிறேனா? அவள் உண்மையிலேயே சிரப் கேட்டிருந்தால்? மாணவி போய், நீங்கள் எழுதியது தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? பாதியில் அனுப்பிவிடுவேன் என்று சொன்னவர் அவர். இன்னொரு பிரிசெப்டருக்கு நான் எங்கே போவேன்? இதையெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு நிமிஷம் யோசித்திருப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மார்லீன் உள்ளே சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே என்னைப் பார்த்தார். பிறகு பேப்பர் நாப்கினில் துப்பிவிட்டு எழுந்தார். கோபப்படவில்லை, நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் மருந்துக் கடைக்கு ஃபோன் பண்ணி அந்தச் சிரப்பை நிறுத்தச் சொன்னார். யாரும் இன்னும் வந்து வாங்கவில்லை. மொழிபெயர்ப்பு லைனைக் கூப்பிட்டார். காத்திருங்கள் என்று பாட்டுப் போட்டது. அதை வைத்துவிட்டு, செல்வியின் நம்பரை அழுத்தி ஃபோனை என் கையில் கொடுத்தார். "விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நேராகக் கேள். சுற்றி வளைக்காதே."

ஆறாவது ரிங்கில் எடுத்தாள்.

"செல்வியா பேசறீங்க? காலைல வந்தீங்களே, அந்த கிளினிக்ல இருந்து பேசறேனுங்க. நானும் தமிழ்தான். தாராபுரம்."

"சொல்லுங்க மேடம்."

"கூட யாராவது இருக்காங்களா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

"காலைல மருந்தைக் குடிச்சரலாம்னு இருக்குதுன்னு சொன்னீங்களாம். காய்ச்சலுக்குக் குடிக்கிற மருந்தைச் சொன்னீங்களா, இல்ல உசுர விட்டரலாம்னு சொன்னீங்களா?"

பக்கத்தில் மார்லீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுங்க ஒண்ணுமே சொல்லலீங்களே மேடம்" என்றாள் கடைசியில். "நான் சொன்னேன். அந்தம்மா நல்லாச் சிரிச்ச மொகமா எழுதிக்கிச்சு. சரி, இந்த ஊர்ல இதுக்கெல்லாம் இப்படித்தானாட்டம் இருக்குதுன்னு வந்துட்டேன்."

அந்த வார்த்தையை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வாய் திறந்து சொல்லிவிட்டாள். யாரும் பதறவில்லை. அதற்குமேல் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

மறுபடியும் நேராகக் கேட்டேன். என்ன நினைத்து வைத்திருக்கிறாள் என்றும், எப்போது என்றும் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. மகள் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் என்று மட்டும் சொல்கிறேன். நான் மார்லீனுக்குத் தலையாட்டினேன். அவர் இன்னொரு ஃபோனில் அவசர உதவிக்கு 911 கூப்பிட்டு முகவரியைச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் வந்து சேரும்வரை செல்வியை ஃபோனை வைக்க விடக் கூடாது. அது ஒன்றுதான் என் வேலை.

"கொஞ்சம் பேசிட்டிருங்க செல்வி. ரெண்டு பேரு வருவாங்க. போலீஸ் மாதிரி இருந்தாலும் பயப்படாதீங்க, உங்களைப் பாத்துக்கத்தான் வர்றாங்க."

"வேண்டாமுங்க மேடம். எதுக்கு இதெல்லாம். உங்களுக்கு என்னங்க, வேலை இருக்குது, காரோட்டறீங்க, நாலு பேருகிட்டப் பேசறீங்க. நான் இங்க செவுத்தோட பேசோணும். வெச்சரட்டுங்களா?"

வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. எங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருந்தார்கள்: நோயாளியிடம் சொந்தக் கதை பேசாதே. நல்ல பாடம். ஆனால் அந்த நேரத்தில் என் கையில் வேறெதுவும் இல்லை.

"நானும் செவுத்தோடதான் பேசறேன், செல்வி" என்றேன். "எங்க வீட்டுக்காரர் போயி மூணு வருசமாச்சு. நீங்க நெனைக்கற அந்த நெனப்பு எனக்கும் வருது. போன வாரங்கூட வந்துச்சு."

"நெசமாவாக்கா?"

மேடம் போய் அக்கா வந்தது அப்போதுதான்.

"நெசமாத்தான்."

"அப்ப என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. யாருகிட்டயும் சொல்லக்கூட இல்ல. நீங்களாச்சும் வாயத் தொறந்து சொன்னீங்க. உங்க தைரியம் எனக்கு இல்ல."

அவள் அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று விட்டேன். அழுகிற ஆள் ஃபோனை வைக்க மாட்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "தொறக்கட்டுங்களாக்கா?" என்றாள். தொறங்க என்றேன். ஆம்புலன்ஸ் ஆட்களின் குரல் லைனில் கேட்டபோதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மார்லீன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "முதலிலிருந்து சொல். அவர் சொன்னது, நீ சொன்னது எல்லாம். வார்த்தை மாறாமல்" என்றார். சொன்னேன். செல்வி பேசிய ஒவ்வொன்றையும் சொன்னேன். அவர் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு நிறுத்தி, "நடுவில் உன் குரல் மாறியது. அப்போது என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

"லைனிலேயே இருங்கள் என்று சொன்னேன்."

என் மணி நேரத்துக்கெல்லாம் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். இப்படி ஒரு நினைப்பு இருக்கிறவளுக்கு நோயாளியைப் பார்க்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டால்? அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, நான் சொன்னதை மேற்கோள் குறிக்குள் தட்டினார். அந்தக் குறிப்பில் பொய்யான ஒரே வரி என்னுடையது. அன்று மாலை வீட்டுக்குப் போய் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உலகத்திலேயே என் விஷயம் தெரிந்த ஒரே ஆள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் முகம் தெரியாத ஒருத்தி.

மூன்று வாரம் கழித்து செல்வி கிளினிக்குக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்திருந்தார்கள். புருஷன் டெக்ஸாஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, மகளோடு வெளியே உட்கார்ந்திருந்தார். அன்று ஃபோனில் பேசியது நான்தான் என்று சொன்னதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ சொன்னது ஒண்ணும் தப்பில்லடா கண்ணு. நீ சொன்னதாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இந்தத் தடவை மார்லீன் முன்கூட்டியே சொல்லிவைத்து லைனில் தமிழ் ஆளைப் பிடித்திருந்தார். மேசைமேல் ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரு பெண் குரல், நிதானமான குரல், ஆரம்பத்திலேயே இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டது: அறையில் யார் எது பேசினாலும் சொல்வேன், எதையும் விட மாட்டேன், எதையும் சேர்க்க மாட்டேன், பேசுகிறவர் நான் என்று சொன்னால் நானும் நான் என்றே சொல்வேன்.

செல்வி கொஞ்சம் சதை போட்டிருப்பதாக மார்லீன் சொல்லியிருந்தார். நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். அவளை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். மார்லீன் தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தார். உயிரை விடும் நினைப்பு இப்போதும் வருகிறதா? குரல் அதைத் தமிழில் சுற்றி வளைக்காமல் கேட்டது.

"இப்ப இல்லீங்க" என்றாள் செல்வி. குரல் அதை இங்கிலீஷில் சொன்னது. மார்லீன் தட்டினார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்படி இருக்குதுங்கக்கா? அந்த நெனப்பு இன்னும் வருதா?"

வேண்டாம் என்று நான் கையைத் தூக்குவதற்குள் குரல் அதையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டது. மார்லீனின் விரல்கள் நின்றன.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்றைக்கு நான் சொன்ன உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கதவு தட்டும்வரை இருந்தாள். இப்போது அவள் முகத்துக்கு நேராக அதை எப்படிப் பொய்யாக்குவது?

"வருது செல்வி" என்றேன். "முன்னைக்கு இப்பக் கொஞ்சம் கம்மி."

ஸ்பீக்கரில் அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னார்: எனக்கு அந்த நினைப்பு வருகிறது. முன்னைவிட இப்போது கொஞ்சம் குறைவு.

மார்லீன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு முழுசாக என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளாக?" என்று என்னிடம் கேட்டார்.

"மூணு வருசமா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அந்தக் குரல் அதையும் இங்கிலீஷில் சொன்னது.